தாயின் தோல் பிள்ளைக்கு ஒட்டுமா?

தீக்காய வார்டின் வாசலில் டாக்டர்களிடம் அடிக்கடி வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு. "என் தொடையிலேர்ந்து தோலை எடுத்து அவளுக்கு வச்சிடுங்க டாக்டர், எனக்கு ஒண்ணும் ஆகாது." கேட்பவர் பெரும்பாலும் தாய், சில நேரம் அண்ணன், சில நேரம் கணவர். முடியாது என்கிறார் டாக்டர். ஏன் முடியாது என்று உட்கார்ந்து விளக்க அந்த வார்டில் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. சில நாள் கழித்து, வெந்துபோன அந்தப் பெண்ணின் நல்ல தொடையிலிருந்தே தோலைச் சீவி எடுக்கிறார்கள். ஏற்கெனவே இத்தனை காயம் பட்ட உடம்பில் இன்னொரு காயமா என்று குடும்பம் மனதுக்குள் குமுறுகிறது. வெளிநாட்டில் ஆய்வுக்கூடத்திலேயே தோல் வளர்க்கிறார்களாமே, இங்கே அது ஏன் இல்லை என்று படித்த உறவினர் ஒருவர் கேட்கிறார். இந்தக் கேள்விகளில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் உண்டு. அந்தப் பதில் தெரிந்தால் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரின் பயம் பாதி குறையும். சில சமயம் வைத்த தோலே அதனால் பிழைக்கும்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் மூக்கைத் திருத்துவது, முகத்தை இளமையாக்குவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒருநாள் நின்றால் போதும், அது மாறிவிடும். அடுப்புத் தீயில் வெந்தவர், பைக்கில் விழுந்து தார்ச்சாலையில் கால் உரிந்தவர், சர்க்கரை நோயால் பாதம் புண்ணானவர், நல்ல பாம்பு கடித்த இடத்தில் சதை அழுகிப்போனவர் என்று வரிசை நீளும். இவர்கள் எல்லாருக்கும் வேண்டியது ஒன்றே: திறந்து கிடக்கும் உடம்பை மூட வேண்டும். மூடாவிட்டால் நீரும் உப்பும் புரதமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், கிருமி உள்ளே நுழையும். பெரிய தீக்காயத்தில் முதல் சில நாட்களைத் தாண்டியவர்களின் உயிரை எடுப்பது பெரும்பாலும் தொற்றுதான்.

தோலைப் பற்றி ஒரு விஷயம் புரிந்தால் மற்றவை தாமாகப் புரியும். தோலில் இரண்டு அடுக்கு. மேலே இருப்பது மேல்தோல். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதன் அடிவரிசையில் இருக்கும் செல்கள் ஓயாமல் பெருகி மேலே நகர்ந்து, காய்ந்து, உதிர்ந்துபோகின்றன. சுமார் நான்கு வாரத்தில் மேல்தோல் முழுக்கப் புதிதாகிவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது உள்தோல். கொலாஜன் இழைகள், ரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்கள் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். தோலின் வலுவும் நெகிழ்வும் உள்தோலின் கொடை. மேல்தோல் போனால் உடம்பு திரும்பச் செய்துகொள்ளும். உள்தோல் முழுக்கப் போய்விட்டால் மனித உடம்பால் அதைத் திரும்பப் படைக்க முடியாது. அந்தப் பள்ளத்தைத் தழும்பால் நிரப்பத்தான் அதற்குத் தெரியும்.

தீக்காயத்தை டாக்டர்கள் ஆழம் பார்த்துப் பிரிப்பதன் காரணம் இதுதான். சூடான காபி கொட்டிக் கொப்புளம் கிளம்பிய இடத்தில் உள்தோலின் அடிப்பகுதி உயிரோடிருக்கும். முடி வேர்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் பதுங்கியிருக்கும் செல்கள் பெருகி, சின்னச் சின்னத் தீவுகளாக மேலே வந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இரண்டு அல்லது மூன்று வாரத்தில் காயம் ஆறிவிடும். புடவையில் பற்றிய தீ உள்தோலையும் தாண்டி இறங்கியிருந்தால் அந்தச் செல்களே மிஞ்சியிருக்காது. இங்கே குடும்பங்களை ஏமாற்றும் ஒரு விஷயம் இருக்கிறது. ஆழமான தீக்காயம் வலிக்காமல் போகலாம், ஏனென்றால் வலியை உணரும் நரம்பு முனைகளும் அதில் வெந்துபோயிருக்கும். வெளுத்து, தோல்பொருள் மாதிரி விறைத்து, தொட்டால் உணர்ச்சியில்லாத இடத்தைப் பார்த்து "அவ்வளவா வலிக்கலைன்னு சொல்றா, லேசான காயம்தான்" என்று நிம்மதி அடைந்து தாமதித்தவர்கள் உண்டு. வலிக்காத தீக்காயம்தான் அதிக ஆபத்தானது.

அப்படிப்பட்ட காயத்தைச் சும்மா விட்டால் அது ஓரங்களிலிருந்து மட்டுமே மூட முடியும். மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் காயமே சுருங்க ஆரம்பித்துவிடும். கழுத்துக் காயம் சுருங்கி மோவாய் மார்போடு ஒட்டிக்கொண்டவர்கள், அக்குள் ஒட்டிக் கையைத் தூக்க முடியாமல் போனவர்கள், விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு இறுகிப்போன குழந்தைகள் இன்றைக்கும் நம் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். இவர்களில் பலரின் காயத்துக்கு உரிய நேரத்தில் தோல் வைத்திருந்தால் இந்த நிலை தவிர்ந்திருக்கும்.

தோல் வைப்பது என்றால் என்ன செய்கிறார்கள்? தொடையிலிருந்தோ, முதுகிலிருந்தோ, குழந்தையானால் தலையிலிருந்தோ, மேல்தோலையும் உள்தோலின் மேற்பகுதியையும் சேர்த்து ஒரு மெல்லிய தாளாகச் சீவி எடுக்கிறார்கள். அதன் கனம் சுமார் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். சீவ, ஹம்பி கத்தி என்ற நீண்ட கத்தியோ டெர்மடோம் என்ற கருவியோ பயன்படும். சுத்தம் செய்த காயத்தில் அந்தத் தாளைப் பரப்புகிறார்கள். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நட்ட நாற்று சில நாள் வாடி நின்று, வேர் பிடித்த பின் பச்சை கட்டுவது மாதிரிதான் அடுத்து நடப்பது. முதல் இரண்டு நாள் ஒட்டுத் தோலுக்கென்று ரத்த ஓட்டம் கிடையாது. காயத்தில் ஊறும் நீரை உறிஞ்சி அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் காயத்தின் நுண்குழாய்களும் தோலின் நுண்குழாய்களும் முனையோடு முனை சேரத் தொடங்கும். நான்காம் ஐந்தாம் நாளில் ரத்தம் ஓடி தோல் இளஞ்சிவப்பாகும். "பிடிச்சிடுச்சு" என்று சர்ஜன் சொல்வது அப்போதுதான்.

டிரெஸ்ஸிங்கைப் பெரும்பாலும் ஐந்தாம் நாள்வரை பிரிக்காததன் காரணமும் இதுவே. இடையில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டினாலோ, நீர் கோத்தாலோ, சீழ் வைத்தாலோ, தோல் சற்றே நகர்ந்தாலோ அந்த நுண்ணிய இணைப்பு அறுந்துவிடும். கால் முழுக்கக் கட்டு போட்டு, அடியில் பட்டை வைத்து அசையாமல் நிறுத்துவது இதற்காகத்தான். கட்டை லேசாகத் தூக்கிப் பார்ப்பதும், அரிக்கிறது என்பதால் சொறிந்துவிடுவதும் வைத்த தோலைக் கொன்றுவிடும். புகையும் அப்படித்தான்: பீடி சிகரெட்டின் நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் தோல் வைத்த நாட்களில் புகையை நிறுத்தியே ஆக வேண்டும்.

இனி, தொடை. அங்கே உள்தோலின் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. முடி வேர்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆகவே அந்த இடம் இரண்டு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும். வேண்டுமானால் அதே இடத்திலிருந்து மறுபடியும் தோல் எடுக்கலாம். பெரிய தீக்காயங்களில் எடுக்கிறார்கள். நோயாளிகள் புகார் சொல்வது பெரும்பாலும் தோல் வைத்த இடத்தைப் பற்றி அல்ல, எடுத்த இடத்தின் எரிச்சலைப் பற்றித்தான். மேல்தோலை இழந்து நரம்பு முனைகள் வெளிப்பட்டுக் கிடப்பதால் அங்கே வலி அதிகம். அங்கே ஒட்டியிருக்கும் கடைசி அடுக்கு டிரெஸ்ஸிங்கைப் பிய்க்கக் கூடாது. அடியில் தோல் முளைத்ததும் அதுவே கழன்றுவிடும். இதை முன்கூட்டியே ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் எத்தனையோ பயம் தவிரும்.

ஒட்டுத் தோலின் வரலாறு நீண்டதல்ல. 1869இல் பாரிஸில் பணியாற்றிய ரெவெர்தான் என்ற இளம் மருத்துவர், அரிசி அளவுக்குத் துணுக்குத் துணுக்காகத் தோலை எடுத்து ஆறாத புண்ணில் வைத்தார். துணுக்கைச் சுற்றிப் புதுத்தோல் படர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பெரிய தாளாகச் சீவி வைக்கும் முறைகள் வந்தன. 1964இல் அமெரிக்காவின் டானரும் அவருடைய குழுவினரும், சீவிய தோலில் வரிசை வரிசையாகச் சிறு கீறல் போட்டு விரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். கீறல் போட்ட தோல் வலையாக விரிந்து ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு, சில நேரம் ஆறு மடங்கு இடத்தை மூடும். வலையின் கண்கள் வழியே ரத்தமும் நீரும் வடிந்துவிடுவதால் தோல் நன்றாகப் பிடிக்கவும் செய்யும். ஆறிய பிறகு அந்த வலையின் அச்சு வாழ்நாள் முழுக்கத் தெரியும். அதனால் முகத்துக்கும் கைக்கும் இயன்றவரை வலைத்தோல் வைக்க மாட்டார்கள்.

ஒட்டுத் தோலுக்கு ஒரு வரம்பு உண்டு. கீழே ரத்த ஓட்டமுள்ள படுக்கை இருந்தால்தான் அது பிழைக்கும். மேல் சவ்வை இழந்த எலும்பும் தசைநாரும் அப்படிப்பட்ட படுக்கை அல்ல. லாரி ஏறி முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிகிற காலில் தொடைத் தோலை வைத்தால் அது கருகிப்போகும். அங்கே வேண்டியது ஃபிளாப்: தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும், தேவைப்பட்டால் தசையையும், அவற்றின் ரத்தக் குழாயோடு சேர்த்தே இடம் மாற்றுவது. இந்த வித்தையில் நம் நாட்டுக்கு உலகமே ஏற்றுக்கொண்ட முதன்மை உண்டு. அறுபட்ட மூக்கைத் தோல் கொண்டு புதிதாகச் செய்வதை சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. திப்புவுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். புனே பக்கத்தில் வழிவழியாக இதைச் செய்துவந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கு செய்து கொடுத்தார். 1794இல் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்து, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் லண்டனில் கார்ப்யூ அதே அறுவையைச் செய்தார். நெற்றித் தோல் ஃபிளாப்பை மருத்துவ நூல்கள் இன்றும் இந்திய முறை என்றுதான் குறிப்பிடுகின்றன. 1970களில், மைக்ராஸ்கோப்பின் கீழ் மயிரிழை போன்ற நூலால் ரத்தக் குழாயைத் தைக்கும் கலை வளர்ந்த பிறகு, முதுகுத் தசையைக் குழாயோடு அறுத்தெடுத்துக் காலில் பொருத்துவது சாத்தியமாயிற்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் இந்தத் துறையில் வெளிநாட்டவரும் வந்து கற்றுக்கொள்ளும் இடங்களாக வளர்ந்தன.

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். அவருடைய தோலை வைத்தால் அது முதலில் பிடிக்கத்தான் செய்யும். ரத்தம் ஓடும், இளஞ்சிவப்பாகும், குடும்பமே மகிழும். பத்து நாளோ இரண்டு வாரமோ கழித்து அது கறுத்து உரிந்துவிடும். இதன் காரணத்தைக் கண்டறிந்த கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்குகிறது. அங்கே தீக்காயமடைந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைத் துணுக்குகளாக வைத்தார்கள் டாக்டர் கிப்சனும் உயிரியலாளர் பீட்டர் மெடவாரும். அவை உதிர்ந்தன. அதே சகோதரரின் தோலை மறுபடி வைத்தபோது முன்பைவிட வேகமாக உதிர்ந்தன. உடம்பு முதல் தடவையை நினைவில் வைத்திருந்தது. அப்படியானால் இது காயத்தின் குறை இல்லை, நோயெதிர்ப்பின் வேலை என்று 1943இல் எழுதினார்கள். உறுப்பு மாற்று மருத்துவத்துக்கே அடித்தளமாக அமைந்தது இந்தத் தீக்காய ஆய்வுதான். 1960இல் மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே மட்டும் தோல் நிலைக்கும். 1954இல் பாஸ்டனில், முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றை இரட்டையரிடையே செய்தவர் ஜோசப் மரே. அவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். இருவரும் ஒரே கரு இரட்டையர்தானா என்று உறுதிப்படுத்த, ஒருவர் தோலை மற்றவருக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுவையில் இறங்கினார்கள்.

சிறுநீரகத்துக்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரை கொடுக்கிறார்களே, தோலுக்கும் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடம்பின் எல்லா உறுப்புகளிலும் எதிர்ப்பை மிகக் கடுமையாகக் கிளப்புவது தோல். வெளியிலிருந்து வரும் எதிரியைத் தடுக்கும் காவல் செல்கள் அதில்தான் நிறைந்திருக்கின்றன. அதை அடக்க மருந்தின் அளவு பெரிதாக வேண்டும். தொற்றோடு போராடிக்கொண்டிருக்கும் தீக்காய நோயாளியின் எதிர்ப்பை அடக்குவது அவரைக் கிருமியிடம் ஒப்படைப்பதாகும். பிள்ளைக்காகத் தாய் எதையும் தரத் தயாராக இருந்தாலும், நிலையாக ஒட்டுவதற்குப் பிள்ளையின் சொந்தத் தோலைத் தவிர வேறு வழி இன்னும் இல்லை.

ஆனால் பிள்ளையிடம் தோலே மிச்சமில்லை என்றால்? உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவர்களின் உண்மையான நெருக்கடி இதுதான். வெந்த திசுவை அப்படியே விட்டால் அது அழுகிக் கிருமிக்கு உணவாகும். 1970இல், அப்போதைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் ஸோரா யான்செகோவிச் என்ற பெண் சர்ஜன், முதல் சில நாட்களிலேயே வெந்த அடுக்கைப் படிப்படியாகச் சீவி, ரத்தம் கசியும் நல்ல திசு வந்ததும் நிறுத்தி உடனே தோல் வைத்துவிடலாம் என்று காட்டினார். உலகத் தீக்காய மருத்துவத்தை மாற்றியது அந்த வேலை. ஆனால் சீவிய இடத்தை மூட ஏதாவது வேண்டுமே. அந்த இடைக்காலத்துக்குத்தான் இறந்தவர்கள் தானம் தந்த தோல் பயன்படுகிறது. அது இரண்டு மூன்று வாரம் நின்று பின் உரியும். அதற்குள் நீரிழப்பு நிற்கும், வலி குறையும், தொற்று தடைபடும், அடியிலுள்ள படுக்கை தேறும், நோயாளியின் தொடை ஆறி அடுத்த அறுவடைக்குத் தயாராகும். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வையும் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சென்னை அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனைத் தீக்காய மூடியாக்கும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. கொலாஜன் தாள்கள் இன்று நம் மருத்துவமனைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. மும்பை மருத்துவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும், பிறகு வாழையிலையையும் காயத்தில் ஒட்டாத டிரெஸ்ஸிங்காகப் பயன்படுத்தி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கிருமி நீக்கிய வாழையிலை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் தோல் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஹோவர்ட் கிரீன், 1975இல் தம் மாணவர் ரைன்வால்டுடன் சேர்ந்து, மேல்தோல் செல்களைத் தட்டில் வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். எலியின் செல்களைக் கதிரியக்கத்தால் பெருகாமல் செய்து அடியில் பரப்பினால், அவை மனித மேல்தோல் செல்களுக்குச் செவிலி மாதிரி உதவின. தபால் தலை அளவுத் தோலிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு பரப்பு வளர்ந்தது. 1983இல் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்த இரண்டு சிறுவர்கள் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் மிஞ்சிய துணுக்குத் தோலிலிருந்து செல்களை வளர்த்து உடம்பின் பாதிக்கும் மேல் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். அதற்குமுன் அப்படிப்பட்ட காயத்தோடு பிழைப்பது நினைத்துப் பார்க்க முடியாதது.

இதைக் கேட்டதும் தோல் பிரச்சினையே தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். தீரவில்லை. ஏனென்றால் தட்டில் வளர்ந்தது மேல்தோல் மட்டும். சில செல் கனமே உள்ள, தொட்டால் கிழியும் தாள் அது. உள்தோல் இல்லாத படுக்கையில் வைத்தால் எளிதில் கொப்புளித்து உரிந்துவிடும், நெகிழாது, சுருங்கும். வளர்வதற்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத்தைத் தாண்டுவதே நோயாளிக்குப் பெரும்பாடு. கிருமியில்லாத ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும், செலவும் மிக அதிகம். வசதியுள்ள நாடுகளிலும் இது மிகப்பெரிய தீக்காயங்களுக்கு மட்டுமே பயன்படுகிறது. உறவினரின் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: நம் ஊரில் அது கிடைக்காததால் மட்டும் உங்கள் பிள்ளைக்குத் தொடைத் தோலை வைக்கிறார்கள் என்பதில்லை. முப்பது சதவீதம் வெந்தவருக்கு உலகின் எந்த நல்ல மருத்துவமனையும் முதலில் தேடுவது அந்தத் தொடைத் தோலைத்தான். அதில் உள்தோலும் சேர்ந்து வருகிறது அல்லவா.

உள்தோலுக்கு மாற்று ஒன்றை பாஸ்டனில் ஜான் பர்க் என்ற சர்ஜனும் யானஸ் என்ற பொறியியல் பேராசிரியரும் 1981இல் காட்டினார்கள். மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளும் சேர்ந்த நுண்துளைப் படலம் அது. மேலே சிலிக்கோன் உறை. காயத்தில் வைத்தால் நோயாளியின் செல்களும் ரத்தக் குழாய்களும் அந்தத் துளைகளுக்குள் புகுந்து, இரண்டு மூன்று வாரத்தில் உள்தோல் போன்ற ஒரு அடுக்கை அமைக்கும். பிறகு சிலிக்கோனை உரித்து, மிக மெல்லிய ஒட்டுத் தோலை மேலே வைப்பார்கள். திசுவை மீட்டுருவாக்குதல் என்று இன்று பேசப்படுவதில் உறுதியாக நிலைத்த சாதனைகளில் இது ஒன்று. உடம்பு தழும்பு போடுவதற்குப் பதிலாகக் கட்டடம் எழுப்ப ஒரு சாரத்தைக் கொடுத்தது அது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர சர்ஜன் ஃபியோனா வுட், நோயாளியின் செல்களை அங்கேயே பிரித்துக் காயத்தில் தெளிக்கும் முறையை வளர்த்தார்; 2002 பாலி குண்டுவெடிப்பில் வெந்தவர்களுக்கு அவர் செய்த சிகிச்சையால் அது உலகத்துக்குத் தெரியவந்தது.

இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த நிகழ்வு ஜெர்மனியின் போக்கும் நகரில் நடந்தது. சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துச் சிறுவன், வயது ஏழு. மேல்தோலையும் உள்தோலையும் பிணைக்கும் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுதானதால் தொட்ட இடமெல்லாம் தோல் உரியும் நோய். 2015இல் தொற்று சேர்ந்து பெரும்பகுதி தோலை இழந்து சாவின் விளிம்பில் கிடந்தான். அவன் தந்தை தம் தோலைக் கொடுத்தார், அது நிலைக்கவில்லை. இத்தாலியின் மோடெனாவில் மிக்கேலே டி லூக்காவின் குழு, சிறுவனின் சிறு துண்டுத் தோலிலிருந்து செல்களை எடுத்து, பழுதான மரபணுவுக்குச் சரியான பிரதியைச் சேர்த்து, தாள்தாளாக வளர்த்து அனுப்பியது. உடம்பின் ஏறக்குறைய 80 சதவீத மேல்தோல் மாற்றப்பட்டது. சிறுவன் பள்ளிக்குத் திரும்பினான். 2017இல் நேச்சர் இதழில் இதை எழுதியபோது, மிகச் சில நீண்டகால 'ஸ்டெம் செல்கள்', அதாவது தண்டு செல்கள்தாம் முழு மேல்தோலையும் தாங்கி நிற்கின்றன என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். அந்த நோயில் சிறுவனின் உள்தோல் மிஞ்சியிருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆழமாக வெந்தவருக்கு அது மிஞ்சுவதில்லை. அதனால் அந்த வெற்றியை அப்படியே தீக்காய வார்டுக்குக் கொண்டுவர முடியாது.

எந்த முறையாலும் இன்னும் திரும்பத் தர முடியாதவை உண்டு. ஒட்டுத் தோலில் வியர்வைச் சுரப்பி வேலை செய்வதில்லை. உடம்பில் பெரும்பகுதிக்குத் தோல் வைத்தவர் நம் சித்திரை வெயிலில் எளிதில் சூடேறிச் சோர்ந்துவிடுவார். நிழலும் தண்ணீரும் மின்விசிறியும் அவருக்கு மருந்து மாதிரிதான். எண்ணெய்ச் சுரப்பி இல்லாததால் தோல் வறண்டு வெடிக்கும், தினமும் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவ வேண்டும். நிறம் அடர்ந்தோ வெளுத்தோ நிற்கும். தொடு உணர்ச்சி திரும்பும், ஆனால் முழுமையாகத் திரும்பாது. தாயின் வயிற்றில் கரு சில மாதம்வரை தழும்பில்லாமல் ஆறிக்கொள்ளும். அந்தத் திறன் பிறகு ஏன் மறைகிறது என்று தேடுகிறார்கள். 2021இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று, தழும்பு உண்டாக்கும் செல்களை ஒரு மருந்தால் திசைதிருப்பி, எலியின் காயத்தில் முடியும் சுரப்பிகளும் முளைப்பதைக் காட்டியது. நம்பிக்கை தரும் வேலை, எலியில் நடந்தது.

இப்படி நிதானமாக நகரும் அறிவியலின் பேரைச் சொல்லி, 'ஸ்டெம் செல்' ஊசியால் தழும்பை மறைக்கிறோம், தோலைப் புதிதாக்குகிறோம் என்று விளம்பரம் செய்வோர் நகரங்களில் பெருகிவிட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவானது: ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத் தவிர, தண்டு செல்களை முறையான ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது, ஆய்வில் சேர்க்கிறவரிடம் பணமும் வாங்கக் கூடாது. தழும்போடு வாழும் ஒருவரின் ஏக்கத்தைக் காசாக்குவதைவிடக் கொடிய வியாபாரம் இருக்க முடியாது. தழும்புக்கு உண்மையில் பலன் தருபவை பொறுமையான வேலைகள்: நாள் முழுக்க, குளிக்கும் நேரம் தவிர, ஓராண்டுக்கும் மேலாகப் போட்டிருக்க வேண்டிய இறுக்க உடை, சிலிக்கோன் தாள், மசாஜ், வலித்தாலும் விடாமல் செய்யும் பிசியோதெரபி, தேவைப்பட்டால் இறுகிய இடத்தை விடுவிக்கும் இன்னொரு அறுவை. வளரும் குழந்தையோடு தழும்பு வளராது. ஆகவே எட்டு வயதில் தோல் வைத்தவருக்குப் பதினாறு வயதில் மறுபடி அறுவை தேவைப்படலாம். முதல் அறுவை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், காயத்தின் ஆழத்தைக் குறைக்க நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. வெந்தவுடன் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். தீ அணைந்த பிறகும் திசுவுக்குள் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீர் அதை நிறுத்தும். முதல் மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். இங்க், பற்பசை, இட்லி மாவு, முட்டை, மஞ்சள் எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்து, கிருமிக்கு இடம் கொடுத்து, ஆழம் பார்க்க வேண்டிய டாக்டரின் கண்ணையும் மறைத்துவிடும்.

பிள்ளைக்குத் தோல் தரத் துடிக்கும் அந்தக் குடும்பத்தால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: தோல் தானம். அது நம் எல்லாராலும் முடியும். உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023இல் முதல்வர் அறிவித்தார். கண் தானத்தை அறியாத ஊர் இல்லை. தோல் தானத்தையோ படித்தவர்களிலும் பலர் கேள்விப்பட்டதில்லை. முழுத் தோலையும் உரித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். உண்மையில் தொடை, கால், முதுகு ஆகியவற்றிலிருந்து தாள் போல மெல்லிய மேலடுக்கை மட்டுமே சீவுகிறார்கள். ரத்தம் வடியாது, உருவம் சிதையாது, முகத்தையும் கைகளையும் தொடுவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து கட்டுப் போட்டுவிடுவார்கள். மூளைச்சாவாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் இயல்பாக இறந்தவரும் தரலாம். பதினெட்டு வயது தாண்டிய யாரும் தரலாம், முதியவர்களும்கூட. ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, தோல் புற்றுநோய், பரவும் தொற்று ஆகியவை இருந்தால் ஏற்க மாட்டார்கள். எடுத்த தோலைச் சோதித்து, கிளிசராலில் பதப்படுத்தி, நான்கு டிகிரி குளிரில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். சென்னையிலும் கோவையிலும் தோல் வங்கிகள் இருக்கின்றன. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், கண் வங்கிக்குப் போன் செய்யும் அதே வேளையில் தோல் வங்கிக்கும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள். அதுவரை உடலைக் குளிர்ச்சியாக வைத்திருந்தால் போதும். நெருங்கிய உறவினர் ஒருவரின் கையெழுத்தும் மரணச் சான்றிதழும் தயாராக இருக்கட்டும்.